சீவாளியை அறிந்த காதுகளுக்கு ஓபோ

இராமேசுவரம் கோயில் திருவிழாக்களில் நாகசுரம் கேட்டு வளர்ந்த நமக்கு, ஐரோப்பிய ஊதுகருவியான ஓபோ உறவுமுறைக் கருவிதான். அதிலும் நாகசுரத்தின் சீவாளியைப் போலவே இரண்டு நாணல் தகடுகள் உதடுகளுக்கிடையே ஒன்றோடொன்று அதிர்ந்தே நாதம் பிறக்கிறது. குழலும் கீழே வரவர அகலும். சிம்பொனிக் குழுவினர் அனைவரும் ஓபோ எழுப்பும் ‘ஏ’ சுரத்தோடுதான் சுருதி சேர்த்துக்கொள்கிறார்கள் என்றாலும், வாசிப்பு தொடங்கியபின் வயலின்களின் பெருக்கில் அதைத் தனித்துக் கேட்போர் குறைவு. அந்தக் குறையைப் போக்குபவை பன்னாட்டுப் போட்டிகளே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஓபோவுக்கென்றே ஜப்பானில் ஒரு போட்டியை சோனி இசை அறக்கட்டளை 1985இல் தொடங்கியது. ஜெர்மனியின் மூனிக் நகரில் ஏஆர்டி ஒலிபரப்பு அமைப்பு 1952 முதல் நடத்திவரும் போட்டியில் கருவிகள் முறைவைத்து இடம்பெறுகின்றன. 2024இல் ஓபோவின் முறை வந்தது. இத்தகைய போட்டிகளின் காணொளிகளை மண்டபம் ஊரில் வீட்டிலிருந்தபடியே கேட்க முடிகிறது. தனிக்கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் மோட்சார்ட்டின் சி மேஜர் கான்செர்ட்டோவைப் பலர் வாசிக்கக் கேட்டால், ஓபோ நுழையும் இடத்திலேயே வேறுபாடு புலப்படும். விரைந்து மேலேறி, மேல் ‘சி’யில் நான்கு தாளக்கட்டுகள் (bar) அசையாமல் நிற்க வேண்டிய இடம் அது. ஒருவர் அந்தச் சுரத்தை மெல்லத் தொடங்கி வளர்ப்பார். இன்னொருவர் எடுத்த எடுப்பிலேயே முழுக் குரலில் நிறுத்துவார். ஒரே ராகத்தை இரு வித்துவான்களிடம் கேட்டுத் தேர்ந்த ரசிகருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூச்சையும் கவனிக்க வேண்டும். நாகசுரத்துக்குக் காற்று போதாமல் போகும். ஓபோவிலோ நாணலின் வாய் மிகக் குறுகியது என்பதால் காற்று நெஞ்சிலேயே தேங்கிவிடும். இடைவெளி கிடைத்தவுடன் கலைஞர்கள் முதலில் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே இழுக்கிறார்கள்.

போட்டியின் பயன் பரிசோடு முடிவதில்லை. 1959இல் ஜெனீவாவிலும் 1961இல் மூனிக்கிலும் முதற்பரிசு பெற்ற ஓபோ கலைஞர் ஹைன்ஸ் ஹோலிகருக்காகவே இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சானோ பெரியோ 1969இல் ‘செக்வென்சா 7’ஐ எழுதினார். அதில் மேடைக்கு வெளியிலிருந்து ஒரே சுரம் இடைவிடாது ஒலித்துக்கொண்டிருக்க, ஓபோ அதைச் சுற்றி அலைகிறது. நவீன இசை கடினமானது என்று ஒதுங்குவோர்கூட, நாகசுரத்துக்குத் துணையாக ஒரே சுரத்தை ஒலிக்கும் ஒத்து என்னும் கருவியை அறிந்தவர்களாக இருந்தால், இதற்குள் எளிதாக நுழைந்துவிடலாம்.

நம் மாவட்டத்தில் நாகசுரம் பயிலும் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் இப்பதிவுகளைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது என் வேண்டுகோள். பெரிய குழுவோடு வாசிக்கும் இறுதிச் சுற்றை முதலில் எடுக்க வேண்டாம். ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1951இல் துணைக்கருவி ஏதுமின்றி ஓபோவுக்கு மட்டும் எழுதிய ஆறு சிறு பகுதிகளை யாராவது வாசித்திருக்கும் பதிவிலிருந்து தொடங்கலாம். அவற்றில் முதலாவது, நாணற்குழல் ஊதும் பான் என்னும் கிரேக்கத் தெய்வத்தைப் பற்றியது.