முதல் நாள் செய்தியும் மூன்றாம் மாத அறிக்கையும்

2011 ஜனவரி 8, அரிசோனாவின் டூசான் நகரம். சூப்பர் மார்க்கெட் வாசலில் தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த காங்கிரஸ் உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் தலையில் சுடப்பட்டார். சற்று நேரத்தில் அவர் இறந்துவிட்டதாக என்.பி.ஆர். வானொலி அறிவித்தது. மற்ற பெரிய சேனல்களும் அதையே வாங்கிச் சொல்லின. கிஃபர்ட்ஸ் இறக்கவில்லை. பிழைத்து எழுந்து, பிறகு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகவே ஓர் அமைப்பை நடத்தினார். நாலு சேனல் சொன்னால் நம்பலாம் என்கிற வழக்கமான கணக்கு அமெரிக்கத் துப்பாக்கிச்சூட்டுச் செய்திகளில் செல்லாது. நாலும் ஒரே வாயைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கலாம்.

இந்தத் தவறுகள் திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான் வருகின்றன. முதலில் ஆள் மாறாட்டம். 2012 ஜூலையில் கொலராடோவின் அரோரா தியேட்டரில் 12 பேர் கொல்லப்பட்டபோது, ஏ.பி.சி. செய்தியாளர் ஒருவர் சுட்டவனின் பெயரை இணையத்தில் தேடி, அதே பெயர் கொண்ட சம்பந்தமில்லாத ஒருவரை நேரலையில் குறிப்பிட்டுவிட்டார். சேனல் மன்னிப்புக் கேட்டது. ஐந்து மாதம் கழித்து கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். அன்று பல மணி நேரம் கொலையாளி என்று ஓடிய பெயர் அவன் அண்ணனுடையது. வேறு மாநிலத்தில் வேலையில் இருந்த அந்த மனிதர், தான் அவன் இல்லை என்று ஃபேஸ்புக்கில் கதற வேண்டியிருந்தது. கொலையாளியின் தாய் அந்தப் பள்ளி ஆசிரியை என்றார்கள். அவர் அங்கே வேலை பார்க்கவே இல்லை, அன்று காலை வீட்டிலேயே கொல்லப்பட்டிருந்தார்.

அடுத்தது ‘இன்னொருவனும் சுடுகிறான்’ என்பது. 2017 அக்டோபர் 1 இரவு லாஸ் வேகாஸில் மாண்டலே பே ஹோட்டலின் 32ஆவது மாடியிலிருந்து சுட்டது ஒரே ஆள். இசை விழா மைதானத்திலிருந்து தப்பி ஓடியவர்கள் ரத்தக் கறையோடு பக்கத்து ஹோட்டல்களுக்குள் நுழைந்தார்கள். அவர்களைப் பார்த்த அங்கிருந்தவர்கள் அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்தார்கள். அந்த ஹோட்டல்களிலும் துப்பாக்கிச்சூடு நடக்கிறது என்று போலீஸ் வயர்லெஸ்ஸில் ஓடியது. அந்த வயர்லெஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ட்விட்டரில் எழுதினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் செய்தி பொய். அதனால் முதல் நாளில் ‘இரண்டு பேர், மூன்று பேர் சுட்டார்கள்’ என்று வந்தால், பெயர் சொல்லி ஓர் அதிகாரி உறுதிசெய்யும்வரை அதை ஓரமாக வைப்பதே நல்லது.

எண்ணிக்கையிலும் நுணுக்கம் உண்டு. மருத்துவமனை தரும் எண்ணில் அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் மட்டுமே இருப்பார்கள். சம்பவ இடத்திலேயே இறந்தவர்கள் அதிகாரிகளின் கணக்கில் பிறகுதான் சேர்வார்கள், அதனால் இறப்பு எண் பெரும்பாலும் ஏறும். காயம்பட்டவர்கள் விஷயம் வேறு. லாஸ் வேகாஸில் காயமடைந்தவர்கள் 850க்கு மேல். குண்டோ அதன் சிதறலோ பட்டவர்கள் அதில் 400 சொச்சம். மற்றவர்கள் நெரிசலிலும் வேலி ஏறிக் குதித்ததிலும் அடிபட்டவர்கள்.

சரி, அதிகாரபூர்வமாகப் பேட்டி கொடுத்தால் நம்பலாமா? அதற்கு யுவால்டிதான் பதில். 2022 மே 24, டெக்ஸஸ், ராப் தொடக்கப் பள்ளி: 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். மறுநாள் கவர்னர் கிரெக் அபாட் மேடையில் நின்று போலீஸின் துணிச்சலைப் புகழ்ந்தார். பள்ளிக் காவலர் ஒருவர் வாசலிலேயே கொலையாளியை எதிர்கொண்டார் என்றார்கள். அப்படி யாரும் அங்கே இருக்கவில்லை. ஓர் ஆசிரியை கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார் என்றார்கள்; அவர் சாத்தியிருந்தார், பூட்டுதான் விழவில்லை. மூன்றாம் நாள் மாநிலப் போலீஸ் தலைவர் ஸ்டீவன் மெக்ரா, காத்திருந்தது தவறான முடிவு என்று ஒத்துக்கொண்டார். தன்னைத் தவறாக வழிநடத்திவிட்டார்கள் என்றார் கவர்னர். ஜூலையில் வந்த டெக்ஸஸ் சட்டமன்றக் குழு அறிக்கைதான் முழுக் கணக்கைச் சொன்னது. சில நிமிடங்களுக்குள்ளேயே போலீஸ் உள்ளே வந்துவிட்டது; மொத்தம் 376 பேர் வந்து சேர்ந்தார்கள்; ஆனால் 77 நிமிடம் கழித்துத்தான் வகுப்பறைக்குள் நுழைந்தார்கள். நடைபாதையில் நின்று சாவி தேடிக்கொண்டிருந்தார்கள். 111ஆம் எண் அறையின் கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒருவர்கூடக் கைப்பிடியைத் திருகிப் பார்க்கவில்லை. அது பூட்டப்படாமலே இருந்திருக்கும் என்பதுதான் குழுவின் முடிவு. 1999இல் கொலம்பைன் பள்ளியில் சிறப்புப் படைக்காகக் காத்திருந்து ஓர் ஆசிரியரை ரத்தம் வடிந்து சாகவிட்ட பிறகு, அமெரிக்கப் போலீஸ் பயிற்சியே ‘காத்திருக்காதே, உள்ளே போ’ என்று மாறியிருந்தது. மாறி இருபது ஆண்டுக்கு மேலாகியும் இது நடந்தது.

யுவால்டியின் பொய் உடைந்தது பெற்றோர்கள் வாசலில் எடுத்த செல்போன் வீடியோக்களாலும், உள்ளிருந்து குழந்தைகள் செய்த 911 அழைப்புகளாலும்தான். நடைபாதைக் கேமரா காட்சியை ஆஸ்டினின் உள்ளூர் நாளிதழ் வெளியிட்டது. பெரிய சேனல்கள் கூடாரத்தைக் கலைத்துக் கிளம்பிய பின்னும் தொடர்ந்து தோண்டுவது உள்ளூர்ப் பத்திரிகைகளே. ஒரு சம்பவத்தைப் பற்றி உண்மையாகவே தெரிந்துகொள்ள நினைத்தால் அந்த ஊர், அந்த மாநிலத் தலைநகர் பத்திரிகைகளை இரண்டு மூன்று மாதம் பின்தொடருங்கள். முதல் நாள் நேரலையைப் பார்க்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

‘இந்த ஆண்டில் இத்தனையாவது’ என்று வரும் எண்ணையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். துப்பாக்கிச் சம்பவங்களைத் தொகுக்கும் கன் வயலன்ஸ் ஆர்க்கைவ் அமைப்பின் கணக்கில், சுட்டவனைத் தவிர நான்கு பேர் மீது குண்டு பட்டாலே போதும், யாரும் சாகாவிட்டாலும் சேரும். அந்தக் கணக்கில் 2020 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் 600ஐத் தாண்டியது. எஃப்.பி.ஐ. கணக்கிடுவது வேறு: மக்கள் கூடும் இடத்தில் கொல்லும் நோக்கத்துடன் சுடுபவன். அதில் 2023க்கு 48 சம்பவங்கள். இரண்டுமே சரியான எண்கள்தான். கட்டுப்பாடு வேண்டும் என்பவர் முதலாவதையும் வேண்டாம் என்பவர் இரண்டாவதையும் எடுத்துப் பேசுவார், அவ்வளவே. இந்த இரண்டிலும் அடங்காத ஒன்று: 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கு மேல் தற்கொலை. எந்த மைக்கும் அந்த வீடுகளுக்குப் போவதில்லை.

கொலையாளியின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்ற சண்டை 2007இலேயே சூடுபிடித்தது. வர்ஜீனியா டெக்கில் 32 பேரைக் கொன்றவன், இரண்டு தாக்குதல்களுக்கு நடுவே தபால் அலுவலகம் போய் என்.பி.சி.க்கு வீடியோக்களும் படங்களும் அனுப்பினான். சேனல் அவற்றை ஒளிபரப்பியது. இறந்தவர்களின் குடும்பத்தினர் சிலர் அதே சேனலுக்குத் தர ஒப்புக்கொண்ட பேட்டிகளை ரத்துசெய்தார்கள். பின்னாளில் அரோராவில் மகனை இழந்த பெற்றோர் ‘நோ நொட்டோரைட்டி’ (கொலையாளிக்குப் பிரபலம் வேண்டாம்) இயக்கத்தைத் தொடங்கினார்கள். 2015இல் ஆரிகனின் ரோஸ்பர்க் கல்லூரிச் சம்பவத்தில் ஷெரிஃப் ஜான் ஹான்லின் அந்தப் பெயரைத் தன் வாயால் சொல்லவே மறுத்தார். நல்லதுதான், இந்தப் பதிவிலும் ஒரு கொலையாளியின் பெயரும் இல்லை. ஆனால் பெயரைவிடப் பெரிய தூண்டுதல் ‘அமெரிக்க வரலாற்றிலேயே அதிகம் பேரைக் கொன்ற’ என்ற தலைப்பு என்பது என் கருத்து. அது ஸ்கோர் போர்டு. அடுத்தவனுக்கு இலக்கு வைத்துக் கொடுக்கிறது. பெயரை மறைத்துவிட்டு அதைக் கொட்டை எழுத்தில் போடுவதால் என்ன பயன்?

அடுத்து, இப்படிச் சுடுபவர்கள் எல்லாம் மனநோயாளிகள் என்ற வாதம். 2000 முதல் 2013 வரையிலான 63 கொலையாளிகளை ஆராய்ந்து எஃப்.பி.ஐ. 2018இல் வெளியிட்ட அறிக்கைப்படி, மருத்துவரால் உறுதிசெய்யப்பட்ட மனநோய் இருந்தது நாலில் ஒரு பங்கினருக்குத்தான். அதைவிடப் பயனுள்ள தகவல், பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் எண்ணத்தை முன்பே யாரிடமோ வெளியிட்டிருந்தார்கள் என்பது. விவாத மேடைகளில் இதைக் கேட்பது அபூர்வம்.

அரசியல் பக்கம் வந்தால், அனுதாபமும் பிரார்த்தனையும் என்ற அறிக்கை, அரைக்கம்பத்தில் கொடி, ‘இது அரசியல் பேசும் நேரமல்ல’. 2014 முதல் தி ஆனியன் என்ற நையாண்டி இதழ் ஒரே கட்டுரையை ஊர்ப் பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் மாற்றித் திரும்பத் திரும்ப வெளியிடுகிறது. வேறு எழுத அவசியமே வரவில்லை. இன்னொரு பக்கம் கடைகளில் கூட்டம். தடை வந்துவிடுமோ என்ற பயத்தில் வாங்குவார்கள். சாண்டி ஹூக் நடந்த 2012 டிசம்பரில் துப்பாக்கி வாங்க வருபவர்களைப் பற்றி எஃப்.பி.ஐ. செய்த பின்னணிச் சரிபார்ப்புகள் 27 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். 1998இல் அந்த முறை தொடங்கியதிலிருந்து அதுவரை எந்த மாதமும் அவ்வளவு வந்ததில்லை.

மக்கள் கோபம் உண்மையானது, ஆனால் ஆயுள் குறைவு. கடுமையான சட்டம் வேண்டும் என்றவர்கள் கேலப் கருத்துக்கணிப்பில் 2021 அக்டோபரில் 52 சதவீதம், யுவால்டிக்குப் பின் 2022 ஜூனில் 66, அந்த அக்டோபரில் 57. சட்டம் வர வேண்டுமென்றால் அந்த இடைவெளிக்குள் வர வேண்டும். சாண்டி ஹூக்குக்குப் பின் பின்னணிச் சரிபார்ப்பை விரிவாக்கும் மசோதா நான்கு மாதம் இழுத்து 2013 ஏப்ரலில் செனட்டுக்கு வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. விவாதத்தை முடிக்கவிடாமல் இழுத்தடிக்கும் ஃபிலிபஸ்டர் முட்டுக்கட்டையைத் தாண்ட 60 வேண்டும் என்பதால், ஜெயித்தும் தோற்றது. யுவால்டிக்குப் பிறகு 32 நாளில் ஒரு துப்பாக்கிச் சட்டத்தில் பைடன் கையெழுத்திட்டார். ஏஆர்-15 ரகத் துப்பாக்கிகளுக்குத் தடை மாதிரிப் பெரிய விஷயங்களை விட்டுவிட்டு, 21 வயதுக்குட்பட்டவர் வாங்கினால் இளம்வயதுப் பதிவுகளையும் தோண்டிப் பார்ப்பது போன்ற சின்னச் சின்ன மாற்றங்களோடு நிறுத்தியதால் செனட்டில் 15 குடியரசுக் கட்சியினரும் வாக்களித்தார்கள்.

மாநிலங்களில் கதை இன்னும் விசித்திரம். 2018இல் ஃபுளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் இறந்த 23ஆம் நாள், குடியரசுக் கட்சி கவர்னர் ரிக் ஸ்காட் துப்பாக்கி வாங்கும் வயதை அந்த மாநிலத்தில் 21 ஆக்கினார், துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் என்.ஆர்.ஏ. சங்கம் அன்றே வழக்குப் போட்டது. அது விதிவிலக்கு. 2020இல் வெளியான மைக்கேல் லூக்கா குழுவின் ஆய்வில், ஒரு பெரிய துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் அந்த மாநிலத்தில் தாக்கலாகும் துப்பாக்கி மசோதாக்கள் 15 சதவீதம் கூடுகின்றன. ஆனால் குடியரசுக் கட்சி ஆளும் சட்டமன்றங்களில் நிறைவேறுபவற்றில் கூடுவது கட்டுப்பாட்டைத் தளர்த்தும் சட்டங்கள்.

வந்த சட்டமும் நிற்கும் என்று உறுதியில்லை. லாஸ் வேகாஸ் கொலையாளி பயன்படுத்திய பம்ப் ஸ்டாக், அரைத் தானியங்கித் துப்பாக்கியை ஏறக்குறைய இயந்திரத் துப்பாக்கி வேகத்தில் சுட வைக்கும் கருவி. அதை 2018 டிசம்பரில் தடைசெய்தது டிரம்ப் அரசு. சட்டமாக அல்ல, துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஏ.டி.எஃப். என்ற அரசுத் துறையின் விதியாக. காங்கிரஸில் வாக்கெடுப்பு நடத்தும் தலைவலி அதனால் மிச்சமானது. 2024 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம், இயந்திரத் துப்பாக்கிக்குச் சட்டம் தரும் வரையறைக்குள் அது வராது, அதைத் தடைசெய்ய அந்தத் துறைக்கு அதிகாரமில்லை என்று 6-3இல் விதியை ரத்துசெய்தது. வேண்டுமானால் காங்கிரஸ் சட்டம் இயற்றிக்கொள்ளலாம் என்று அந்தப் பெரும்பான்மையில் ஒருவரான நீதிபதி சாமுவேல் அலிட்டோவே எழுதினார். அடுத்த வாரமே செனட்டில் அதை ஒருமனதாக நிறைவேற்ற முயன்றார்கள். ஒரே ஒரு உறுப்பினரின் ஆட்சேபத்தில் அது நின்றுபோனது.