பிரிஸ்டலில் கறுப்பர் வரலாற்றைத் தேடிப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் துறைமுக நகரான பிரிஸ்டலுக்குப் போகிறவர்கள் பலரும் எட்வர்ட் கோல்ஸ்டன் சிலையைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். 2020 ஜூன் 7 அன்று கூட்டம் பெயர்த்து இழுத்துப்போய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளிய சிலை அது. இப்போது எம் ஷெட் அருங்காட்சியகத்தில் பெயிண்ட் கறையோடு மல்லாந்து கிடக்கிறது. பார்க்கலாம்தான். ஆனால் அது அடிமை வணிகம் செய்தவரின் கதை, கறுப்பர்களின் கதை அல்ல.

அங்கிருந்து சற்று நடந்தால் 1999இல் திறந்த பெரோ பாலம். மேலே நிற்கும் இரண்டு பெரிய கொம்புகள் வெறும் அலங்காரம் அல்ல, பாலத்தின் நடுப்பகுதியைத் தூக்குவதற்கான எதிர் எடை. பாலத்துக்குப் பெயர் தந்த பெரோ, கரீபியனில் உள்ள நெவிஸ் தீவில் 1765இல் தங்கைகளோடு சேர்த்துக் கரும்புத் தோட்ட முதலாளி ஜான் பின்னி விலைக்கு வாங்கிய 12 வயதுச் சிறுவன். பின்னியின் பிரிஸ்டல் வீடு கிரேட் ஜார்ஜ் தெரு 7ஆம் எண்ணில் அருங்காட்சியகமாக இருக்கிறது. நுழைவு இலவசம். குளிர்காலத்தில் மூடிவிடுவதால் தேதி பார்த்துக்கொண்டு போங்கள்.

இதற்கு மேல் தெரிந்துகொள்ள உள்ளூர் மரபுப் பட்டறைகள்தான் வழி, அதாவது பழைய பதிவுகளை வாசிக்கவும் நினைவுகளைப் பதியவும் கற்றுத்தரும் பயிற்சி வகுப்புகள். பிரிட்டனில் அக்டோபர் கறுப்பர் வரலாற்று மாதம் என்பதால் பட்டறைகள் அப்போது குவியும், இடமும் சீக்கிரம் நிரம்பும்.

திருச்சபைப் பதிவேடு (ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவு) வாசிக்கும் பட்டறைகளில் எல்லோரும் இடறும் இடங்கள் இரண்டு. 'பிளாக்' (Black) என்ற சொல் தோல் நிறத்தைக் குறிக்கலாம், வெறும் குடும்பப் பெயராகவும் இருக்கலாம். பக்கத்துப் பதிவுகளோடு ஒப்பிடாமல் முடிவு கட்டக் கூடாது. அடுத்தது தேதி. 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும், ஆகவே பதிவில் உள்ள 1720 பிப்ரவரி நம் கணக்கில் 1721.

பிரிஸ்டலின் ஹென்பரி பகுதித் தேவாலய வளாகத்தில் சிப்பியோ ஆப்பிரிக்கானஸ் என்ற கறுப்பினப் பணியாளரின் கல்லறையைக் கட்டாயம் பாருங்கள். 1720 டிசம்பர் 21இல் இறந்தபோது அவருக்கு வயது 18. கல்லில் அவருடைய எஜமான் சஃபோக் பிரபுவின் பெயர் இருக்கிறது, பெற்றோர் பெயர் இல்லை. காப்பகத் தாள்களும் பெரும்பாலும் அப்படித்தான், உடைமையாளர் எழுதி வைத்தவை.

பிரிஸ்டலின் செயின்ட் பால்ஸ் பகுதியில் நிலைமை வேறு, இங்கே கறுப்பர்களே தங்கள் கதையைச் சொல்கிறார்கள். 1963இல் கறுப்பர்களையும் ஆசியர்களையும் நடத்துநராக்க மறுத்த பேருந்து நிறுவனத்தை எதிர்த்து இங்குள்ள கரீபியர்கள் புறக்கணிப்பு நடத்தினார்கள். கேன்டீனிலும் பணிமனையிலும் வேலை உண்டு, பேருந்தில் மட்டும் கிடையாது! ஏப்ரல் கடைசியில் தொடங்கிய போராட்டம் ஆகஸ்ட் 28இல் வென்றது. செப்டம்பரில் வெள்ளையரல்லாத முதல் நடத்துநராகச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். புறக்கணிப்பை முன்னின்று நடத்திய ராய் ஹாக்கெட், ஓவன் ஹென்றி முதலிய முன்னோடிகளைச் சுவரோவியங்களாகத் தெருக்களிலேயே பார்க்கலாம். என்னைக் கேட்டால் சிலையைவிட இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

இந்தத் தலைமுறையின் வரலாறு வீட்டு அலமாரிகளிலும் நினைவிலும் இருக்கிறது. அதனால் இங்கே பட்டறை என்றால் பேட்டிப் பதிவும் பழைய போட்டோ பராமரிப்பும். ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV, சுருக்காத ஒலி) கோப்பாகப் பதியச் சொல்வார்கள். எம்பி3 கோப்பில் சுருக்கும்போது இழந்தது திரும்ப வராது. ஃபிரிட்ஜ் ஓடும் சமையலறையில் உட்காராதீர்கள், அந்த ரீங்காரத்தைப் பிறகு நீக்கினால் குரலும் கெடும். பேசுபவர் இடையில் நிறுத்தினால் 'ம்' கொட்டாமல் தலையை மட்டும் அசையுங்கள். முக்கியமான செய்தி பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும்.

போட்டோவின் பின்புறம் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும். மென்மையான பென்சிலால், ஓரத்தில், பெயரும் ஆண்டும் போதும். பசை தடவிய பழைய ஆல்பத் தாளிலிருந்து படத்தைப் பிய்க்க வேண்டாம், தாளோடு சேர்த்தே 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்துவிடலாம். பிவிசி உறைகளைத் தவிர்த்து பாலியஸ்டர் உறை வாங்குங்கள்.

ஒப்புதல் படிவத்தைப் பேட்டி முடிந்த உடனே, அதே மேசையில் நிரப்ப வேண்டும். யார் கேட்கலாம், இணையத்தில் போடலாமா, பெயர் வரலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். கையெழுத்தில்லாத பதிவைக் காப்பகம் பொதுவாக வாங்காது.