பலவீனத்தை எழுதிக்கொடுத்த பதினோரு வாரம்

2023 மார்ச் 3-ஆம் தேதி பெருந்தொற்று நிதியம் தன் முதல் சுற்றுக்கு விண்ணப்பம் கேட்டது. கடைசி நாள் மே 19. இடைப்பட்ட பதினோரு வாரமும் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு சிறிய நாட்டின் தலைநகரில் உட்கார்ந்து அந்நாட்டு அரசுக்காக விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். எந்த நாடு என்று சொல்ல முடியாது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்து, ஆய்வக வேலைக்குப் போய், கடைசியில் ஆலோசகர் பிழைப்புக்கு வந்து சேர்ந்தவன் நான்.

கொரோனா தந்த பாடத்தில் பிறந்தது இந்த நிதியம். உலக வங்கி நடத்துகிறது. 2022 நவம்பரில் பாலியில் நடந்த ஜி20 மாநாட்டை ஒட்டித் தொடங்கிவைத்தார்கள். முதல் சுற்றில் மூன்று விஷயங்களுக்கு முன்னுரிமை: நோய்க் கண்காணிப்பு, ஆய்வகம், ஆள்பலம். அடுத்த தொற்று வருவதற்குள் அதைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

முதல் கூட்டத்திலேயே ஓர் ஏமாற்றம். பணம் அரசின் கருவூலத்துக்கு வராது. உலக சுகாதார அமைப்பு, யுனிசெஃப், உணவு வேளாண்மை அமைப்பு, வளர்ச்சி வங்கிகள் என்று அங்கீகரிக்கப்பட்ட பதின்மூன்று அமைப்புகளில் ஏதாவது ஒன்றின் வழியாகத்தான் வரும். "அப்போது இது யாருடைய பணம்?" என்று ஒரு துணை இயக்குநர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்களிடம் நல்ல பதில் இல்லை, அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டோம்.

அதைவிடக் கஷ்டமான விஷயம் மதிப்பெண். நாடுகள் தங்கள் சுகாதாரத் தயார்நிலையை வருடாவருடம் தாங்களே மதிப்பிட்டு உலக சுகாதார அமைப்புக்கு அனுப்புகின்றன. இது தவிர, வெளிநாட்டு நிபுணர்கள் நேரில் வந்து உள்ளூர்க்காரர்களோடு உட்கார்ந்து போடும் கூட்டு மதிப்பீடும் உண்டு. அதில் 1 என்றால் திறனே இல்லை, 5 என்றால் நிலைத்து நிற்கும் திறன். நாங்கள் போன நாட்டில், சில வருடம் முன்பு நிபுணர்கள் மாதிரிப் போக்குவரத்துக்கு, அதாவது நோயாளியின் ரத்தம், சளி போன்ற மாதிரிகளை ஆய்வகத்துக்குக் கொண்டுசேர்ப்பதற்கு, 2 போட்டிருந்தார்கள். அந்த நாடு தனக்குத் தானே போட்டுக்கொண்ட ஆய்வக மதிப்பெண்ணோ பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கிய மாதிரி இருந்தது.

இரண்டில் எதை எழுதுவது? உயர்ந்த எண்ணைத்தான் போட வேண்டும் என்று அமைச்சகத்தில் ஒரு தரப்பு பிடிவாதமாக நின்றது. அமைச்சர் அதைச் சபையில் சொல்லிவிட்டாராம். ஆனால் எல்லாம் நன்றாக இருந்தால் எதற்குப் பணம் கேட்கிறீர்கள் என்று மதிப்பிடுபவர்கள் கேட்க மாட்டார்களா? இந்த ஒரு வரிக்காக மூன்று வாரம் போனது.

கடைசியில் வாதத்தால் ஒன்றும் முடியவில்லை, ஒரு பஸ் பயணம்தான் முடித்தது. மாவட்ட ஆய்வகம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தோம். நோயாளியின் மாதிரி எப்படித் தலைநகருக்குப் போகிறது என்று கேட்டோம். ஆய்வக உதவியாளர் எங்களைப் பேருந்து நிலையத்துக்கே கூட்டிப்போனார். தடுப்பூசிப் பெட்டி ஒன்றில் ஐஸ் கட்டி போட்டு, தெரிந்த ஓட்டுநரிடம் கொடுத்து, கூலியைத் தன் சட்டைப்பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். மறுமுனையில் யார் வாங்குவார்கள் என்றதற்கு, "போன் செய்வேன்" என்றார். கூடவே வந்திருந்த அமைச்சக அதிகாரி திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. மறுநாள் அவரே "2 என்று போடுங்கள்" என்றார்.

பட்ஜெட்டில் வேறு சண்டை. மரபணு வரிசை பார்க்கும் இயந்திரம் ஒன்று வேண்டும் என்றார் பெரியவர் ஒருவர். இயந்திரம் என்றால் ரிப்பன் வெட்டலாம், ஐஸ் பெட்டிக்கு வெட்ட முடியாது. ஏற்கெனவே காசநோய்க்காக வந்த ஜீன்எக்ஸ்பெர்ட் என்ற பரிசோதனைக் கருவிகள், ஒவ்வொரு பரிசோதனைக்கும் போட வேண்டிய கார்ட்ரிட்ஜ் தீர்ந்து சும்மா கிடப்பதை நாங்கள் கண்ணால் பார்த்திருந்தோம். கடைசியில் இயந்திரமும் உள்ளே போனது. பதிலுக்கு மாதிரிப் போக்குவரத்தையும் மூன்று வருட ரியேஜென்ட் (பரிசோதனை ரசாயனம்) செலவையும் நுழைத்தோம். இரண்டு லட்சம் பேருக்கு ஒரு களத் தொற்றுநோயியலாளர் (நோய் பரவும் இடத்துக்கே போய் ஆராய்பவர்) என்ற அளவுகோலை வைத்துப் பயிற்சிச் செலவையும் கணக்குப் போட்டோம்.

எனக்குப் பிடித்த பகுதி கால்நடை. மனித ஆய்வகத்துக்கும் கால்நடை ஆய்வகத்துக்கும் இடையே நடந்து போகும் தூரம்தான். ஆனாலும் வெறிநோய்க்கு இருவரும் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தார்கள். ஒருவர் நாயை எண்ணினார், இன்னொருவர் கடிபட்டவரை எண்ணினார். எந்த நாய் யாரைக் கடித்தது என்று சேர்த்துப் பார்த்தவர் யாருமில்லை. இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, ஒரே எக்செல் தாளில் எழுதவைத்தோம். முதல் நாள் டீ குடித்ததோடு சரி. இரண்டாம் நாள்தான் தாள் நிரம்பத் தொடங்கியது.

நாடும் தன் பங்கைக் காட்ட வேண்டும். நிதி அமைச்சகத்தில் ரொக்கம் இல்லை. ஏற்கெனவே கொடுக்கும் சம்பளத்தையும் கட்டடத்தையும் பங்காகக் காட்டலாமா என்று கேட்டார்கள். காட்டினோம். அந்த ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்க நான்கு முறை போனேன், நான்காவது முறை கடைசி நாளுக்கு முந்தைய மாலை. வரவேற்பறைக் காவலாளிக்கு அதற்குள் என் பெயர் மனப்பாடம்.

ஜூலையில் முடிவு வந்தது. 133 நாடுகளிலிருந்து 179 விண்ணப்பங்கள், கேட்ட தொகை 250 கோடி டாலருக்கும் மேல். கொடுத்தது 33.8 கோடி, 19 திட்டங்களுக்கு. இந்தியாவுக்குக் கால்நடை நலத்துக்காக 2.5 கோடி கிடைத்தது, நாமக்கல் நண்பர்கள் வாழ்த்து அனுப்பினார்கள். நான் எழுதிய நாடு பட்டியலில் இல்லை.

இரண்டாம் சுற்றுக்கு அவர்கள் வேறு ஆலோசகரை எடுத்தார்கள், அது அவர்கள் உரிமை. கால்நடை ஆய்வகத்துக்காரர் மட்டும் எப்போதாவது வாட்ஸ்அப்பில் பேசுவார். பழைய ஆவணத்தைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறோம் என்றார். மாதிரிப் போக்குவரத்துக்கு என்ன எண் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். 2-தான், ஓட்டுநர் மட்டும் மாறிவிட்டார் என்றார்.