குரூப் 4 தமிழ்: 'இடையறாத'வை பிரிச்சுப் படிங்க

TNPSC குரூப் 4 தேர்வு ரிசல்ட் வந்துருச்சு, நம்ம நம்பர் இருக்கு, அம்மா தெரு முழுக்க சொல்லியாச்சு, இனி நிம்மதியா டைப் பண்ணலாம். ஜிகே, மேத்ஸ் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்காங்க. நான் தமிழ் பகுதி மட்டும்தான் சொல்லப்போறேன், அதுலயும் இலக்கணக்குறிப்பு, அதாவது ஒரு சொல் எந்த இலக்கண வகைன்னு சொல்றது.

கோச்சிங்ல குடுத்த நோட்ஸ்ல "இடையறாத - தொடர்ச்சியான"ன்னு ஒத்த வரி, அவ்ளோதான். இதுக்குத்தான் பீஸ் வாங்குனாங்க. எனக்கு அப்படி மனப்பாடம் ஏறவே ஏறாது, சொல்லைப் பிரிச்சு மேஞ்சாதான் மண்டைல நிக்கும். பகுதி (சொல்லோட வேர்) 'அறு', கயிறு அறுந்துச்சுன்னு சொல்றோமே அதே அறு. நடுவுல அறுந்து போகாம நீள்றதுக்குத்தான் இடையறாத: மழை, அன்பு, தொடர்பு. உடையாத பானைக்கு வராது, விட்டு விட்டுப் பெய்ற மழைக்கும் வராது. ஆப்ஷன்ல 'இடையூறு இல்லாத'ன்னு இருந்தா ஏமாறாதீங்க, இடையூறுன்னா தடங்கல், அது வேற.

இப்ப திருக்குறள்ல சுற்றந்தழால் அதிகாரத்தை எடுங்க. 521 "பற்றற்ற கண்ணும்"னு ஆரம்பிக்கும், 522 "விருப்பறாச் சுற்றம் இயையின் அருப்பறா ஆக்கம்". ரெண்டுலயும் அதே அறு. 'அற்ற'வுக்கு இல்லாதன்னு பொருள் வர்றதால நிறைய பேர் எதிர்மறைன்னு போட்டுருவாங்க, ஆனா அது இறந்தகாலப் பெயரெச்சம் ('வந்த பையன்'ல 'வந்த' மாதிரி, பெயர்ச்சொல்லைக் கொண்டு முடியுற வினை). 'அறா'தான் எதிர்மறை, அதுவும் ஈறுகெட்டது, அதாவது 'அறாத'ல கடைசி 'த' விழுந்தது; விருப்பறாச் சுற்றம்னா அன்பு நீங்காத சுற்றம். இந்த ரெண்டு குறளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சத்தமா சொல்லிப் பாருங்க, பெயரெச்சத்துல பாதி முடிஞ்சுது. (சத்தமா படிச்சாதான் எனக்கு ஏறும், வீட்ல திட்டுனாங்க.)

மத்ததெல்லாம் வேகமா:

- இடையறாத தொடர்பு: வலி மிகாது (நடுவுல 'த்' ஒற்று வராது). இடையறாத் தொடர்பு: மிகும். 'த' போனா ஒற்று வரும்.
- இடையறாது பெய்தது: 'பெய்தது'ங்கற வினையைக் கொண்டு முடியுறதால வினையெச்சம்; பெயரெச்சம்னு போடாதீங்க.
- அற்றது, அறாத, அற்ற எது கேட்டாலும் வேர்ச்சொல் அறு. 'அற்று'ன்னு ஒரு ஆப்ஷன் கண்டிப்பா கண்ணடிக்கும்.
- அறா - நீங்காத, அரா - பாம்பு.
- அறாத வேற, ஆறாத வேற. "ஆறாதே நாவினாற் சுட்ட வடு"ல பகுதி ஆறு.
- 'அறாத'வை பகுபதமா (உறுப்பு உறுப்பா) பிரிச்சா: அறு + ஆ + த் + அ. 'ஆ' எதிர்மறை இடைநிலை (நடுவுல நின்னு 'இல்லை'ங்கற பொருள் தர்றது), 'த்' எழுத்துப்பேறு (இடைநிலை, சந்தின்னு எதுலயும் சேராம விகுதிக்கு முன்னாடி வர்ற எழுத்து). 'த்'தைப் பாத்து இறந்தகாலம்னு போயிராதீங்க.