ஏழு என்ற எண்ணும் நீல மூடிக் குழாயும்

உலோக இடுப்பு மூட்டு வைத்தவர்களில், இரத்த அறிக்கையில் கோபால்ட் 7.4 என்று வந்த தாளைப் பார்த்து நித்திரை கெடுகிறவர்களும் இருக்கிறார்கள், 6.6 தானே என்று அதை அலுமாரிக்குள் தள்ளிவிட்டு மறந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் விடுகிற பிழை ஒன்றுதான். தனி ஒரு எண்ணை வைத்து உலோக இடுப்பைப் பற்றி ஒரு முடிவுக்கும் வர ஏலாது.

2000களில் லண்டனிலோ ரொறன்ரோவிலோ உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டு வைத்துக்கொண்டு, ஓய்வெடுத்த பிறகு திருகோணமலையில் உவர்மலையிலோ உப்புவெளியிலோ வந்து இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த மூட்டு தேயத் தேய, அதில் உள்ள கோபால்ட்டும் குரோமியமும் இரத்தத்தில் கலக்கும். அங்கே கிளினிக் கடிதம் வீடு தேடி வரும். இங்கே நாள் குறிப்பது, குழாய் கேட்டு வாங்குவது, எண்ணை எழுதி வைப்பது எல்லாம் உங்கள் தலையில்தான்.

அந்த 7 எங்கிருந்து வந்தது? பிரிட்டனின் மருத்துவச் சாதன ஒழுங்குமுறை நிறுவனம் 2010 ஏப்ரலில் விட்ட எச்சரிக்கையில் இருந்து. கோபால்ட்டோ குரோமியமோ லீற்றருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் மூன்று மாதம் விட்டுத் திரும்பச் சோதி, தேவையென்றால் மூட்டைச் சுற்றியுள்ள தசையைப் படம் பிடித்துப் பார் என்றார்கள். அதே வருடம் ஓகஸ்ட்டில் ஏ.எஸ்.ஆர். என்ற வகை உலோக மூட்டு உலகம் முழுக்கத் திருப்பி எடுக்கப்பட்டது. ஆக, இன்னும் உற்றுப் பார் என்பதற்கான அடையாளமாகத்தான் 7ஐ வைத்தார்கள். 7க்குக் கீழே இருந்தும் தசை கெட்டவர்கள் உண்டு, மேலே இருந்தும் வருடக்கணக்காக ஒரு கரைச்சலும் இல்லாமல் நடப்பவர்களும் உண்டு. 2, 3, 5 என்று ஏறிக்கொண்டு போகிற எண்தான், ஏழெட்டில் அசையாமல் நிற்கிற எண்ணைவிடக் கவலைக்குரியது.

அலகைப் பார்க்காமல் பயப்படாதீர்கள். சில ஆய்வுகூடங்கள் நனோமோலில் தருவார்கள். கோபால்ட் 119 நனோமோல் என்றால் அதே 7 மைக்ரோகிராம்தான். 17ஆல் பிரிக்க வேண்டும். குரோமியத்துக்கு 19.2ஆல் பிரிக்க வேண்டும். முழு இரத்தத்தில் எடுத்த எண்ணையும் சீரத்தில் (இரத்தம் உறைந்த பிறகு பிரிகிற தெளிந்த நீரில்) எடுத்த எண்ணையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிடவும் கூடாது.

இனி இரத்தம் எடுக்கிற விஷயம். பிழை கூடுதலாக நடப்பது இங்கேதான். சாதாரண ஊசியே குரோமியம் கலந்த எவர்சில்வர். ஊசி வழியாக முதலில் வருகிற இரத்தத்தில் அந்த ஊசியின் உலோகமும் சேர்ந்து வரும். அதனால் பிளாஸ்டிக் கனுலா (நாளத்துக்குள் விடுகிற மெல்லிய குழாய்) போட்டு, ஊசியை வெளியே எடுத்த பிறகு, முதல் 5 முதல் 10 மில்லிலீற்றரை வேறு குழாயில் எடுத்துவிட வேண்டும். கொலஸ்ட்ரோல், கிரியேட்டினின் சோதனைக்கு அதைக் கொடுக்கலாம், வீணாகாது. அதற்குப் பிறகு வருவதுதான் கடும் நீல மூடிக் குழாய்க்கு. மிகச் சிறிய அளவில் இருக்கிற உலோகத்தை அளக்கும் சோதனைக்கென்றே செய்த குழாய் அது; ஊதா மூடிக் குழாயில் எடுத்து அனுப்பினால் வருகிற எண்ணை நம்ப முடியாது. "மிஸ், கனுலா போட்டு எடுங்கோ, முதல் குழாய் மற்ற டெஸ்ட்டுக்கு, நீல மூடி கடைசியா" என்று வாய் திறந்து சொல்லுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. நீலக் குழாய் இருக்கிறதா, மாதிரி எங்கே போகிறது, எந்த முறையில் அளக்கிறார்கள் என்று முதல் நாளே போன் பண்ணிக் கேட்டுவிடுவது நல்லது. ஒவ்வொரு முறையும் அதே ஆய்வுகூடத்துக்கே கொடுங்கள். கன்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி ஸ்கேன் செய்திருந்தால் நான்கு நாளாவது பொறுக்க வேண்டும். சீனி வருத்தத்துக்கென்று குரோமியம் பிக்கோலினேட் குளிசை போடுபவர்கள் அதை டொக்டரிடம் சொல்லத்தான் வேண்டும். மூட்டில் இருந்து வராத குரோமியமும் அந்தத் தாளில் ஏறி நிற்கும்.

இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மூட்டின் கிண்ணமும் அதற்குள் சுழல்கிற பந்தும் உரசித் தேய்ந்தால் கோபால்ட்டும் குரோமியமும் ஏறக்குறையச் சேர்ந்தே ஏறும். கோபால்ட் மட்டும் தனியாக ஏறி, குரோமியம் கீழே கிடந்தால், பந்தும், தொடையெலும்புக்குள் இறங்குகிற தண்டும் பொருந்துகிற கூம்பு வடிவக் கழுத்தில் துருவேறுகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அங்கே குரோமியம் கரையாத உப்பாக அந்த இடத்திலேயே படிந்துவிடும், கோபால்ட் இரத்தத்தோடு போய்விடும். "எனக்கு உள்ளே பிளாஸ்டிக் கிண்ணம், இதெல்லாம் எனக்கில்லை" என்று இருப்பவர்களுக்கும் இது வரலாம், பந்து கோபால்ட் குரோமியத்தில் செய்ததாக இருந்தால். அவர்களுக்கு 7 வரை காத்திருக்கவே கூடாது. கோபால்ட் 1ஐத் தாண்டி, குரோமியத்தைவிட இரண்டு மடங்காக நின்றாலே மூட்டு நிபுணரிடம் காட்ட வேண்டும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, எண்ணிக்கையில் குறைவு, ஆபத்தில் கூட. செராமிக் பந்து உடைந்து, அதை எடுத்துவிட்டு உலோகப் பந்து போட்டவர்கள். மிச்சமிருக்கிற செராமிக் துகள், அரத்தூள் மாதிரி நின்று உலோகத்தை அராவும். லீற்றருக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் என்று எண் வருவதும், இதயமும் காதும் கண்ணும் கெடுவதும் இவர்களில்தான் கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. கோபால்ட் இதயத்தைக் கெடுக்கும் என்பதை உலகம் முதலில் படித்தது மூட்டில் அல்ல, பியரில். 1965-66இல் கனடாவின் கியூபெக் நகரில், நுரை நிற்பதற்காகக் கோபால்ட் உப்புச் சேர்த்த பியரை நிறையக் குடித்தவர்களுக்கு இதயம் செயலிழந்தது.

கோபால்ட்டை வெளியே தள்ளுவது சிறுநீரகம்தான். மூட்டு அதே அளவில் தேய்ந்தாலும், சிறுநீரகம் சோர்ந்தால் எண் ஏறும். அதனால் கோபால்ட் பார்க்கிற ஒவ்வொரு முறையும் கிரியேட்டினினும் பாருங்கள், இல்லாவிட்டால் தேய்மானமா வடிகட்டியா என்று பிரித்தறிய முடியாது. எங்கள் மாவட்டத்திலேயே பதவி சிறிபுரப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருக்கிறது. சீனி, பிறஷர் வேறு. இடுப்பு நோவுக்கென்று பாமசியில் டைக்குளோபெனக் வாங்கி மாதக்கணக்காக விழுங்குவதுதான் இதில் மோசமான பழக்கம். நோவைக் குறைக்கப் போய் கோபால்ட் வெளியேறும் வழியை அடைக்கிற வேலை. பற்பம், செந்தூரம் எடுப்பவர்கள் சித்த வைத்தியரிடம் இந்த இரத்த அறிக்கையைக் காட்டிவிட்டுக் கேளுங்கள். அவையும் உலோகம் சேர்ந்தவை. கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணற்றிலும் மாறி மாறி வார்த்தாலும் கோபால்ட் இறங்காது, உடம்பு உளைவுக்குச் சுகம், அவ்வளவுதான். உலோகத்தை இறக்கும் என்று விற்கிற மாத்திரைகளுக்கும் அதே கதைதான்.

சாதாரண எக்ஸ்ரேயில் கிண்ணம் சரிந்திருக்கிறதா, எலும்பு கரைந்திருக்கிறதா என்று தெரியும். 50 பாகைக்கு மேல் செங்குத்தாக நிற்கிற கிண்ணத்தில் பந்து விளிம்பில் அழுத்தித் தேயும். ஆனால் தசைக்குள் தேங்கிய நீரும் கட்டியும் எக்ஸ்ரேயில் வராது. அதற்கு அல்ட்ராசவுண்ட், இல்லையென்றால் உலோக நிழலைக் குறைக்கும் முறையில் எடுக்கிற எம்ஆர்ஐ. அந்த முறையைக் கேட்டு எழுதாவிட்டால் மூட்டு இருக்கிற இடத்தில் கறுப்புப் பொட்டு ஒன்றுதான் படத்தில் வரும்; கொழும்புக்குப் போய் வந்த காசும் போச்சு.

கவனிக்க வேண்டிய நோ கவட்டில் வரும். தொடையின் முன்பக்கம் மெல்ல வீங்குவது, நடக்கும்போது கிறீச்சென்ற சத்தம், புதிதாக வந்த நொண்டல், இவை எண் எதுவானாலும் காட்ட வேண்டியவை. காது இரைச்சல், கேட்கும் சக்தி குறைவது, பார்வை மங்குவது, படியேற மூச்சு வாங்குவது, காரணமில்லாமல் உடம்பு வைப்பது இருந்தால் தைரொயிட், எக்கோ (இதய ஸ்கேன்), காதுச் சோதனை மூன்றையும் கேளுங்கள்; வயசு என்று விட்டுவிடாதீர்கள். பெண்களும், தண்டு இல்லாமல் எலும்பின் மேல் தொப்பி மாதிரிச் சிறிய பந்து வைத்தவர்களும், தண்டோடு 36 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ பெரிய பந்து வைத்தவர்களும் நோ இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும்.

நடை நல்லது. பிரட்ரிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் மலைக்கு ஆறுதலாக ஏறலாம். அங்கே போய்ச் சப்பாணி கட்டி உட்கார்வதும், குந்துகிற கக்கூசும்தான் வேண்டாம்; ஆழமாக மடங்கும்போது மூட்டின் கழுத்து கிண்ண விளிம்பில் இடிக்கும். கோயிலில் கதிரை கேட்டால் தருவார்கள்.

மூட்டின் பெயர், பந்தின் அளவு, லொட் இலக்கம் எழுதிய ஒட்டுத்துண்டு பழைய சத்திரசிகிச்சைக் குறிப்பில் இருக்கும். அது இல்லையென்றால் வைத்த ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேளுங்கள். பழைய கோப்புகளை எல்லாக் காலத்துக்கும் வைத்திருக்க மாட்டார்கள். மாற்றச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தால் கழற்றுகிற டொக்டருக்கு எந்த உளி, எந்தத் திருகு என்று தெரிவது அதை வைத்துத்தான்.

மாற்ற வேண்டும் என்று சொன்னால் இழுத்தடிக்காதீர்கள். திறந்து பார்க்கும்போது சாம்பல் கலந்த குழம்பு மாதிரி நீரும், கறுத்த சதையும் இருக்கும்; இடுப்பைத் தூக்கிப் பிடிக்கிற தசை அதில் கரைந்துபோனால், புது மூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கழன்று கழன்று விழும். பழைய தண்டு இறுக்கமாக இருந்தால் அதை விட்டுவிட்டு, டைட்டேனிய உறையோடு செராமிக் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் போடுவது வழக்கம். அதற்குப் பிறகு கோபால்ட் சில வாரத்திலேயே மளமளவென்று இறங்கும். குரோமியம் அப்படியல்ல, சதையில் படிந்தது கரைந்து வர மாதங்கள் எடுக்கும். ஆறாம் மாத அறிக்கையில் கோபால்ட் 1க்குக் கீழே, குரோமியம் இன்னும் 3 என்று வந்தால் புது மூட்டில் கோளாறு என்று நினைக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் கழித்து அதே ஆய்வுகூடத்தில், அதே நீல மூடிக் குழாயில் திரும்பப் பாருங்கள்.