வால்கிரீஸ் ஆட்டம் பார்க்கப் போன கதை

2025 மே மாதக் கடைசியில் அம்மாவும் நானும் கலிபோர்னியாவில் சன்னிவேலுக்குப் போய் இறங்கினோம். அக்காவுக்கு இரண்டாவது பிரசவம். அம்மா பத்தியச் சமையலும் கைக்குழந்தையும் என்று அடுக்களைக்கும் தொட்டிலுக்கும் இடையில் இருந்துவிட்டார். மூத்தவள், பத்து வயதுக்காரி, என் பொறுப்பில் வந்தாள். அவளுக்குத் தம்பி பிறந்த சந்தோஷத்தைவிட எல்லாரும் அவனையே பார்க்கிறார்கள் என்ற வருத்தம் அதிகம். வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு பாஸ்கெட்பால் வளையம் இருந்தது. முதல் வாரத்தில் ஒருநாள் சும்மா பந்தை வாங்கி லே-அப் ஒன்று போட்டேன். "சித்தி, உங்களுக்கு ஆடத் தெரியுமா?" என்று கேட்டவள் அதற்குப் பிறகு என்னை விடவே இல்லை.

தெரியும். பள்ளியிலும் கல்லூரியிலுமாக ஏழு வருஷம் ஆடியிருக்கிறேன். எங்கள் பள்ளி மைதானம் சிமெண்ட் தரை, ஒரு பருவம் முடிவதற்குள் பந்தின் சொரசொரப்பெல்லாம் தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும், மழை பெய்தால் நாங்களே துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஆடுவோம். அப்போது எங்களுக்கெல்லாம் ஒரே பெயர்தான், அனிதா பால்துரை. சென்னைப் பெண், இந்திய அணிக்கே கேப்டன், வேலை தெற்கு ரயில்வேயில். நன்றாக ஆடினால் ரயில்வேயில் வேலை கிடைக்கும், அதுதான் நாங்கள் கண்ட கனவின் மொத்த உயரம். ஆடுவதே வேலையாக, ஆடுவதற்கே சம்பளமாக ஒரு பெண் வாழலாம் என்பது எனக்குத் தோன்றியதுகூட இல்லை.

அத்தான்தான் ஆரம்பித்து வைத்தார். சான் பிரான்சிஸ்கோவில் புதிதாக ஒரு பெண்கள் அணி வந்திருக்கிறது, கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸ் என்று பெயர், இதுதான் அவர்களுடைய முதல் சீசன், டிக்கெட் கிடைப்பது கஷ்டம், ஆனாலும் ஜூன் 7ஆம் தேதிக்கு இரண்டு கிடைத்திருக்கிறது, போய்விட்டு வாருங்கள் என்றார்.

சன்னிவேலில் கால்ட்ரெய்ன் ஏறினோம். இரண்டு அடுக்கு மின்சார ரயில், மேல் அடுக்கில் சன்னலோரம் இடம் கிடைத்தது. பாலோ ஆல்டோ தாண்டியதும் ஊதா நிறச் சட்டைகள் ஏற ஆரம்பித்தன. முதலில் ஒரு அம்மாவும் மகளும், அப்புறம் வெள்ளைத் தலையோடு நாலைந்து பாட்டிமார், அப்புறம் கைக்குழந்தையோடு ஒரு அப்பா, கடைசி ஸ்டேஷனில் இறங்கும்போது பிளாட்பாரமே ஊதாவாக இருந்தது. அங்கிருந்து அரங்கத்துக்கு இருபது நிமிட நடை. நடுவில் ஒரு கால்வாயைப் பாலத்தில் கடக்க வேண்டும், கீழே வரிசையாகப் படகு வீடுகள், ஒரு படகின் மொட்டை மாடியில் தக்காளிச் செடி வைத்திருந்தார்கள். ஜூன் மாதம் என்று நம்பி ஸ்வெட்டர் எடுக்காமல் போயிருந்தேன், அந்த வளைகுடாக் காற்று எலும்புக்குள் போகிறது. சேஸ் சென்டர் வாசலுக்குப் பக்கத்தில் ஆளுயரத்தைவிடப் பெரிய கண்ணாடி உருண்டைகள் ஐந்து நிற்கின்றன, அதில் தன் ஊதாச் சட்டை பத்து இடத்தில் தெரிவதைப் பார்த்து இவள் அங்கேயே நின்றுவிட்டாள், இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

எங்கள் இருக்கை கூரைக்குப் பக்கத்தில். ஆட்டம் தொடங்க நேரம் இருந்ததால் பயிற்சியைப் பக்கத்தில் பார்க்கலாம் என்று கீழே இறங்கிப் போனோம். வெரோனிகா பர்ட்டன் என்கிற கார்டு, அதாவது பந்தை நடத்திக்கொண்டு போகிற ஆட்டக்காரர், பந்தே இல்லாமல் குனிந்து, முழங்கால் மடக்கி, இடதும் வலதுமாக நகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஷூ தரையில் உரசும் கீச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு பாதமும் ஒருபோதும் ஒன்றையொன்று தொடவில்லை, குறுக்கே போகவும் இல்லை. எங்கள் பி.டி. டீச்சர் வருஷக்கணக்காகக் கத்தியது அதற்குத்தான். இத்தனை வருஷம் கழித்து, இவ்வளவு தூரம் வந்து, அது சரியாகச் செய்யப்படும்போது எப்படி இருக்கும் என்று பார்த்தேன். தொண்டை அடைத்துவிட்டது.

இந்த அணி எப்படிச் சேர்ந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். 2008க்குப் பிறகு டபிள்யூ.என்.பி.ஏ. என்கிற அமெரிக்கப் பெண்கள் பாஸ்கெட்பால் லீகில் சேர்ந்த முதல் புது அணி இது. லீகில் சேரக் கட்டணமே 50 மில்லியன் டாலர். ஆனால் ஆட்டக்காரர்கள்? ஏற்கெனவே இருந்த 12 அணிகளும் ஆளுக்கு ஆறு பேரைத் 'தொடக்கூடாது' என்று ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். மிச்சம் இருப்பவர்களில் அணிக்கு ஒருவர் வீதம் புது அணி எடுத்துக்கொள்ளலாம். 2024 டிசம்பரில் அப்படி 11 பேரை எடுத்தார்கள். ஒவ்வொருவரும், தன் பழைய அணியின் முதல் ஆறில் இல்லாதவர்கள். கல்லூரி அணியில் எப்போதும் ஏழாவதாகவும் எட்டாவதாகவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான், எனக்கு இந்த விஷயம் தெரிந்த அன்றே அந்த அணி என் அணி ஆகிவிட்டது.

பர்ட்டன் முந்தைய வருஷம் கனெக்டிகட் அணியில் இருந்தார், ஆட்டத்துக்குச் சராசரி 3 புள்ளி அளவில்தான். இங்கே வந்து அது 11.9 ஆனது, கூடவே 6 அசிஸ்ட், அதாவது இன்னொருவரைக் கூடை போட வைத்த பாஸ். வருஷக் கடைசியில் லீகிலேயே அதிகம் முன்னேறியவர் என்ற விருது அவருக்குத்தான். கெய்லா தோர்ன்டன் கல்லூரி முடித்த வருஷம், அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காமல் விட்ட ஆள். நியூயார்க்கில் சாம்பியன் அணியில் இருந்தவரை இங்கே கொண்டுவந்தார்கள், சீசனின் முதல் பாதியிலேயே ஆல்-ஸ்டார் ஆனார், லீகின் சிறந்தவர்கள் மட்டும் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வு. பயிற்சியாளர் நட்டாலி நகாசி, இந்த லீகில் தலைமைப் பயிற்சியாளரான முதல் ஆசிய அமெரிக்கர். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். டைம்-அவுட்டில் ஆறடிப் பெண்கள் சுற்றி நிற்க அவர் நடுவில் மறைந்தே போவார், ஆனால் அத்தனை தலைகளும் அவர் பக்கம்தான் குனிந்திருக்கும்.

அன்றைக்கு எதிரணி லாஸ் வேகாஸ் ஏசஸ், நகாசி உதவிப் பயிற்சியாளராக இருந்து இரண்டு கோப்பை வென்ற பழைய அணி. தோற்கத்தான் போகிறோம், சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று நினைத்துப் போனேன். 95-68. இருபத்தேழு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அதே ஏசஸ்தான் அக்டோபரில் கோப்பையை வாங்கினார்கள் என்பதை நினைக்கும்போது இப்போதும் நம்ப முடியவில்லை. பதினெட்டாயிரம் பேர் "ஜி! எஸ்! வி!" என்று கத்தும்போது கூரைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் நாற்காலிகள் அதிர்ந்தன. அந்த அரங்கத்தில் 18,064 இருக்கை. அந்த சீசனில் உள்ளூரில் நடந்த 22 ஆட்டமும் ஹவுஸ்ஃபுல், ஒன்றுகூடத் தப்பவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் டிவிதான். ஜூன் 19 இரவு இண்டியானா ஃபீவர் வந்தார்கள், கெய்ட்லின் கிளார்க் ஆடுகிறார் என்று அமெரிக்காவே பார்த்த ஆட்டம். மாறி மாறி ஆள் விட்டு அவரை மூச்சு விடாமல் துரத்தினார்கள், தூரத்திலிருந்து போட்ட ஏழு மூன்று-புள்ளியில் ஒன்றுகூட விழவில்லை, 88-77. அந்தச் சமயம் நம் அணியின் சலாவுன், ஸண்டலசீனி, ஃபக்பென்லே, வான்லூ எல்லாரும் ஐரோப்பியக் கோப்பைக்காகத் தங்கள் நாட்டுக்கு ஆடப் போயிருந்தார்கள், மிச்ச ஆட்களை வைத்து ஜெயித்தது. ஆனால் இந்தத் தொழில் இரக்கமே இல்லாதது என்றும் அதே மாதத்தில்தான் தெரிந்தது. ஜூலி வான்லூ பெல்ஜியத்துக்காக அந்தக் கோப்பையை வென்று திரும்பிய கையோடு அணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். லாஸ் ஏஞ்சலஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது, சரிதான், இருந்தாலும் பதக்கத்தோடு வந்து பெட்டியைக் கட்டுவது எப்படி இருந்திருக்கும்.

ஜூலையில் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு முன்னால் எல்லாருமே 'எங்களுக்குத் தர வேண்டியதைத் தாருங்கள்' என்று எழுதிய சட்டையோடு வந்து நின்றார்கள். அதில் தோர்ன்டனும் உண்டு. அந்த வருஷம் லீகில் குறைந்தபட்சச் சம்பளம் 66,079 டாலர், அதிகபட்சமே இரண்டரை லட்சம் டாலருக்குச் சற்றுக் கீழே. நம் ஊர்க் கணக்கில் பெரிதாகத் தெரியும். 50 மில்லியன் கட்டணத்தையும் 18,064 இருக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அந்தச் சட்டையில் இருந்தது ஒரு சொல்லும் மிகையில்லை. அடுத்த சில நாளில் தோர்ன்டனுக்குப் பயிற்சியின்போது முழங்காலில் அடி, அறுவை சிகிச்சை, அத்தோடு அவருடைய சீசன் முடிந்தது. அணியிலேயே அதிகப் புள்ளி எடுத்துக்கொண்டிருந்தவர். நானும் அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் விடவில்லை. செப்டம்பர் 4, டாலஸ் அணியோடு ஆட்டம், ஜெயித்தால் பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள். மறுநாள் பள்ளிக்கூடம் என்று அக்கா எவ்வளவோ சொல்லியும் இவள் சாப்பிடாமல் உட்கார்ந்து அனுமதி வாங்கிவிட்டாள், இருவரும் மறுபடியும் ரயில், மறுபடியும் பாலம், இந்த முறை ஸ்வெட்டர். 84-80. புதிதாகச் சேர்ந்த முதல் வருஷத்திலேயே பிளேஆஃப் போன அணி இந்த லீகின் சரித்திரத்தில் அதுவரை வேறு கிடையாது. சீசன் முடிவில் கணக்கு 23 வெற்றி, 21 தோல்வி.

பிளேஆஃபில்தான் அந்தச் சிக்கல். முதல் சுற்று மூன்று ஆட்டம், இரண்டில் முதலில் ஜெயிப்பவர் மேலே போவார், எதிரணி லீகில் முதலிடம் பிடித்த மினசோட்டா லின்க்ஸ். முதல் ஆட்டம் அவர்கள் ஊரில், 101-72 என்று நசுக்கிவிட்டார்கள். இரண்டாவது ஆட்டம் நம் ஊரில் நடக்க வேண்டும், ஆனால் சேஸ் சென்டரை அந்த வாரம் ஒரு டென்னிஸ் போட்டிக்கு முன்பே ஒதுக்கியிருந்தார்கள். வருஷம் முழுக்க நிறைந்த அரங்கம், மிக முக்கியமான இரவில் இல்லை. சான் ஹோசேயில் ஐஸ் ஹாக்கி அணி ஆடும் அரங்கத்துக்கு மாற்றினார்கள். எனக்கு ரொம்பக் கோபம் வந்தது. ஆனால் அதனால் ஒரு நன்மை, சன்னிவேலிலிருந்து கால் மணி நேரம்தான். அதனால் அம்மாவையும் கிளப்பிவிட்டேன்.

அம்மா நான் ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை. தடுத்ததும் இல்லை, வந்ததும் இல்லை. அப்பாவுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று ஆட்ட நாட்களில் எனக்கு முன்கூட்டியே சாப்பாடு கட்டிக் கொடுப்பார், அவ்வளவுதான். அன்றைக்குச் சேலைக்கு மேல் அத்தானின் ஜெர்கினைப் போட்டுக்கொண்டு ரயிலில் உட்கார்ந்தார். டிரிடான் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே அரங்கம், எங்கே பார்த்தாலும் சுறா மீன் படம், அதற்குக் கீழே ஊதா வெள்ளம். வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "இம்புட்டுச் சனமும் பொம்பளப் பிள்ளைக ஆடுறதப் பாக்கவா வந்திருக்கு?" என்றார். ஆமாம்மா என்றேன். திரும்பவும் ஒருமுறை கேட்டார்.

ஆட்டத்தை எப்படிச் சொல்வது. ஒரு கட்டத்தில் 17 புள்ளி முன்னிலை. இவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறி நின்றாள். விதி ஒன்றும் தெரியாத அம்மா, பந்து நம் ஆட்கள் கையில் வந்தால் கை தட்டுவது, அவர்கள் கையில் போனால் உச்சுக்கொட்டுவது என்று தானே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். அப்புறம் அது கரைய ஆரம்பித்தது. ஒரேயடியாக இல்லை, இரண்டு, மூன்று, ஒரு ஃப்ரீ த்ரோ என்று. மினசோட்டாவின் நஃபீசா காலியர் அன்றைக்கு 24 புள்ளி எடுத்தார். நம் ஆட்களின் கால்கள் கனத்துப்போனது மேலிருந்தே தெரிந்தது, ரீபவுண்டுக்குக் குதிக்கும் உயரம் குறைந்திருந்தது. கடைசி நொடிகளில் ஒரு புள்ளி பின்னால், பந்து நம்மிடம். விழவில்லை. 75-74.

ஒருவரும் எழுந்து போகவில்லை. தோற்ற அணியை நிறுத்தி வைத்துக் கை தட்டினார்கள், அது நிற்கவே இல்லை, கீழே ஆட்டக்காரர்கள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றார்கள். இவள் தேம்பித் தேம்பி அழுதாள். அம்மா அவளை மடியில் இழுத்துப் போட்டு, "அதான் நல்லா ஆடுனாகல்ல, விடு" என்று ஜெர்கின் கையால் மூக்கைத் துடைத்துவிட்டார்.

திரும்பும் ரயிலில் நிற்கத்தான் இடம், ஒரு பெரியவர் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தார். அழுது ஓய்ந்தவள் கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "சித்தி, உங்க ஜெர்ஸி நம்பர் என்ன?" என்று கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "ஒம்போது" என்றார். "வெள்ளப் பனியன், செவப்பு நம்பரு. சாயம் எறங்கிரும்னு அத மட்டும் தனியாத் தொவைப்பேன்."