பொதுக்குழு இல்லாத இடத்தில் கிராம சபைப் பாடமா?

நீலகிரியில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்குப் பயிற்சி அளித்து வரும் இரண்டு சிறு தொண்டு அமைப்புகளை ஒன்றாக்குவது பற்றிச் சில மாதங்களாகப் பேச்சு நடக்கிறது. ஒன்று, கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்தில் இயங்கும் பதிவு பெற்ற சங்கம். மற்றொன்று, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வேலை செய்யும் அறக்கட்டளை. சங்கத்தின் செயற்குழுவில் நானும் ஒருவன் என்பதால், இங்கே எழுதுவதை ஒரு தரப்பின் கருத்தாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பேச்சு எழுந்ததற்குக் காரணம் பணம்தான், அதை மறைப்பதற்கில்லை. பெண்களுக்கு 50 விழுக்காடு இட ஒதுக்கீடு 2016இல் சட்டமாகி, 2019 டிசம்பரில் நடந்த ஊரகத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தபோது, இம்மாவட்டத்தின் 35 ஊராட்சிகளிலும் அதுவரை ஊராட்சி அலுவலகத்துக்குள் மனு கொடுக்க மட்டுமே நுழைந்திருந்த பல பெண்கள் உறுப்பினர்களாகவும் தலைவர்களாகவும் வந்தார்கள். பயிற்சிக்குத் தேவை இருந்தது, நன்கொடையும் கிடைத்தது. 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு அவர்களின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனதும், இப்போது யாருக்குப் பயிற்சி கொடுக்கிறீர்கள் என்று நன்கொடையாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள். அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறவர்களைத் தயார்ப்படுத்துவதும் பயிற்சிதான் என்று சொல்லிப் பார்த்தோம். அந்தப் பதில் யாரையும் நெடுநாள் திருப்திப்படுத்தவில்லை. இரண்டு கணக்கர், இரண்டு தணிக்கை, இரண்டு அலுவலக வாடகை எதற்கு என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது.

பயிற்சி என்றால் மேடைப் பேச்சு என்று நினைப்பவர்களுக்காக ஒன்றை மட்டும் சொல்கிறேன். எங்கள் பயிற்றுநர் ஒருவர் தீர்மானப் பதிவேட்டின் ஒரு பக்கத்தை நகலெடுத்துக் கையில் கொடுப்பார். மூன்று தீர்மானங்கள், கீழே நான்கு விரற்கடை வெற்றிடம், அதற்கும் கீழே உறுப்பினர்களின் கையொப்பங்கள். இதில் என்ன குறை என்று கேட்டால் பெரும்பாலோர் எழுத்துப் பிழையைத் தேடுவார்கள். ஒருமுறை, தேயிலை பறிக்கும் வேலைக்குப் போகும் வார்டு உறுப்பினர் ஒருவர், "இந்தக் காலி எடத்துல அப்புறமா எதை வேணும்னாலும் எழுதிக்கலாமே சார்" என்றார். எடை எழுதாத சீட்டில் கைநாட்டு வைத்துப் பழகிய ஊரில் அந்தக் கண் தானாகவே வந்துவிடுகிறது. வெற்றிடத்தின் குறுக்கே கோடு இழுக்கச் செய்துவிட்டு, அடுத்து காசோலைக்குப் போவார்: தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் ஊராட்சிப் பணம் வெளியே போகும் என்பதால், தொகை எழுதாத காசோலையில் முன்கூட்டியே கையொப்பமிடக் கூடாது என்பதை அன்று மாலைக்குள் எல்லோர் மனத்திலும் பதிய வைத்துவிடுவார்.

இந்த அளவில் இரு பக்கப் பாடமும் ஒன்றுதான். அதற்கு மேல் மலை இரண்டாகப் பிரிகிறது. 1969ஆம் ஆண்டு ஜன்மம் (பழைய ஜமீன் போன்ற நிலவுடைமை) நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குள் சிக்கி, உரிமை யாருக்கு என்பது தீராமல் கிடக்கும் நிலத்தில் மின் இணைப்புக் கேட்டு எப்படித் தீர்மானம் எழுதுவது என்பது கூடலூர் உறுப்பினரின் அன்றாடச் சிக்கல். 2009 நவம்பர் நிலச்சரிவை நேரில் கண்ட எங்கள் பக்கத்தாருக்கோ சரிவில் கட்டட அனுமதி, மழைநீர் ஓடை, தடுப்புச் சுவர் என்று வேறு கவலைகள். அங்கே பணியர்களும், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்களும், மலையாளம் பேசுவோரும் ஒரே அறையில் உட்காருவார்கள். இங்கே படகர், இருளர், கோத்தர், குறும்பர். ஆகவே கணக்கையும் தணிக்கையையும் ஒன்றாக்கலாம், பயிற்றுநர்களை ஒன்றாக்கி ஊட்டியில் உட்கார வைக்கக் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு எழுந்தது, எந்த அமைப்பு மிஞ்சுவது என்பதில். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் இரண்டு சங்கங்கள் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி இணைந்துகொள்ளலாம். சங்கமும் அறக்கட்டளையும் அப்படி நேரடியாகக் கலந்துவிட முடியாது. ஒன்று தன் பணிகளையும் சொத்துகளையும் மற்றதற்கு ஒப்படைத்துவிட்டு ஒதுங்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடை பெறும் பதிவு அறக்கட்டளையிடம் மட்டுமே இருக்கிறது. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவே வழியில்லை. எனவே அறக்கட்டளை மிஞ்சட்டும், சங்கம் கலையட்டும் என்று தணிக்கையாளர் ஆலோசனை சொன்னார். கணக்கு வழியில் அது சரியான ஆலோசனை.

ஆனால் சங்கத்தில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எங்களிடம் பயிற்சி பெற்றவர்களில் பலர் சந்தா கட்டி உறுப்பினரானவர்கள். ஆண்டுதோறும் பொதுக்குழுவில் உட்கார்ந்து வரவு செலவைக் கேட்கிறார்கள். செயற்குழுவுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது. அறக்கட்டளையில் அறங்காவலர்கள் மட்டுமே. அவர்கள் நல்லவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர்களை அந்தப் பதவியில் அமர்த்தியது ஒரு பத்திரம் என்பதுதான் என் தயக்கம். 3,001 முதல் 10,000 பேர் வரை வாழும் ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் கிராம சபை செல்லும் என்று கற்றுக்கொடுத்து, ஒரு ஹட்டிக்கும் (படகர் குடியிருப்புக்கும்) அடுத்த ஹட்டிக்கும் இடையே பேருந்தே இல்லாத ஊர்களில் அந்த 200 பேரைச் சேர்க்கப் படாதபாடு பட்டவர்களிடம், இனி உங்கள் சங்கத்துக்குப் பொதுக்குழு கிடையாது என்று நான் எப்படிச் சொல்வது? வெளிநாட்டுப் பணம் போனாலும் போகட்டும், சங்கமே மிஞ்ச வேண்டும் என்பது என் நிலை.

இதற்குக் கூடலூர் நண்பர்கள் எழுப்பும் ஆட்சேபம் நியாயமானது. சங்கத்தின் உறுப்பினர் எல்லோரும் மலையின் இந்தப் பக்கத்தவர். வாக்கெடுப்பு என்று வந்தால் பந்தலூர் ஒருபோதும் வெல்லாது. அதனால் இணைப்புக்கு முன்பே அந்தப் பக்கத்தில் பயிற்சி பெற்றவர்களைச் சங்கத்தில் உறுப்பினர்களாகச் சேர்த்து, செயற்குழுவில் பாதி இடங்களைக் கூடலூர், பந்தலூர் வட்டங்களுக்கு என்று துணைவிதியிலேயே எழுதிவிடலாம் என்று முன்மொழிந்திருக்கிறேன். எங்கள் செயற்குழுவிலேயே இதை விரும்பாதவர்கள் உண்டு. இட ஒதுக்கீட்டைப் பற்றி ஊர் ஊராகப் பாடம் எடுத்தவர்கள் அவர்கள்!

ஊழியர்களின் பணித் தொடர்ச்சியும் இன்னும் முடிவாகவில்லை. பணிக்கொடைக்கு ஐந்தாண்டு தொடர்பணி தேவைப்படும்போது, அறக்கட்டளையிலிருந்து வருபவர்களின் பழைய ஆண்டுகளைச் சங்கம் ஏற்குமா என்பதை எழுத்தில் தராமல் அவர்களை மாறச் சொல்வது முறையல்ல. துணைவிதித் திருத்தத்தோடு இதையும் சேர்த்து ஒரே சிறப்புத் தீர்மானமாக அடுத்த பொதுக்குழுவில் வைக்கக் கேட்டிருக்கிறேன். கூட்டத்தைக் கூடலூரில் நடத்தினால், எங்கள் பக்கத்து உறுப்பினர்களுக்கு ஊட்டியிலிருந்து வண்டி ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.